அம்புக்குறியை எப்போது எடுப்பது?

ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ, வீட்டில் கைப்பேசியில் கேம் விளையாடும் ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம், "ஆட்டத்தில் அடுத்து எங்கே போக வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுவே காட்டும் சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். திரையின் ஓரத்தில் ஒரு சிறிய வரைபடம் இருக்கும். அதில் ஒரு மஞ்சள் புள்ளி அல்லது அம்புக்குறி. பக்கத்திலேயே, இன்னும் எத்தனை மீட்டர் என்ற எண். மாணவர் அந்தக் குறியைப் பார்த்தபடியே போகிறார். இடம் வந்துவிடுகிறது.

இதே மாணவர் மறுநாள் கணக்கு வகுப்பில் ஒரு வாழ்க்கைக் கணக்கைப் படித்து முடித்ததும் எழுந்து, "மிஸ், இது கூட்டலா, கழித்தலா?" என்று கேட்கிறார். கணக்குப் போட அவருக்குத் தெரியும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற குறி மட்டும்தான் அவருக்குத் தேவை. நாமும் நேரமின்மையால், "கழித்தல்தான், போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறோம். அவர் சரியான விடையை எழுதுகிறார். ஆனால் அந்தக் கணக்கில் அவர் கற்க வேண்டியிருந்த பகுதியை நாம் செய்துவிட்டோம்.

எப்போது வழி காட்டுவது, எவ்வளவு காட்டுவது, காட்டிய குறியை எப்போது எடுப்பது என்ற கேள்விகளைக் கேம் வடிவமைப்பாளர்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகளாகச் சந்தித்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவை ஆசிரியர்களாகிய நமக்கும் பயன்படக்கூடியவை. குழந்தைகள் கேம் விளையாடலாமா, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இந்தக் கட்டுரை எந்த கேமையும் பரிந்துரைக்கவில்லை. அவற்றுக்குள் இருக்கும் வழிகாட்டும் முறையை மட்டும் பார்க்கிறது.

குறி வந்த கதை

ஆட்டக்காரர் அடுத்துச் செய்ய வேண்டிய பணி எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும் அடையாளத்தை கேம் துறையில் 'க்வெஸ்ட் மார்க்கர்' என்பார்கள். நாம் இதை 'இலக்குக் குறி' என்று அழைக்கலாம்.

2002ஆம் ஆண்டு வெளிவந்த 'மாரோவிண்ட்' என்ற கணினி விளையாட்டில் இந்தக் குறி கிடையாது. கதையில் வரும் ஊர்க்காரர்களிடம் வழி கேட்க வேண்டும். பாலத்தைக் கடந்து, பாறைக்கு இடப்புறம் திரும்பி, ஆற்றை ஒட்டி நடந்தால் குகை வரும் என்பது போன்ற சொற்களில் அவர்கள் வழி சொல்வார்கள். அது குறிப்பேட்டில் பதிவாகும். ஆட்டக்காரர் அதைப் படித்து, சுற்றுமுற்றும் பார்த்து, தானே கண்டுபிடிக்க வேண்டும். பலர் வழி தவறினார்கள். சிலர் சலிப்படைந்து ஆட்டத்தையே விட்டார்கள்.

அதே வரிசையில் 2006இல் அடுத்த விளையாட்டான 'ஆப்ளிவியன்' வந்தது. அதில் திரையின் கீழே ஒரு திசைகாட்டி இருந்தது. போக வேண்டிய திசையை ஓர் அம்புக்குறி அதில் எப்போதும் காட்டிக்கொண்டே இருந்தது. யாரும் வழி தவறவில்லை. புதியவர்களும் எளிதாக விளையாட முடிந்தது. இது பெரிய நன்மைதான். கூடவே ஓர் இழப்பும் இருந்தது. ஊர்க்காரர் சொல்வதைக் கவனித்துக் கேட்க வேண்டிய தேவை போய்விட்டது. மலை, ஆறு, பாலம் எல்லாம் திரையில் அழகாக இருந்தாலும் அவற்றைப் பார்க்க வேண்டியதில்லை. குறியைப் பார்த்தால் போதும். அதன் பிறகு வந்த பெரிய விளையாட்டுகள் பலவும் இந்த வழியிலேயே சென்றன. குறி இருப்பதால் ஆட்டம் எளிதாகிறதா, குறி இருப்பதால் ஆட்டத்தையே பார்க்காமல் போகிறோமா என்ற விவாதம் இன்றும் கேம் உலகில் ஓயவில்லை.

டன்லப்பில் இறங்கி நேராக வாங்க

இந்த இரண்டு முறைகளும் சென்னையின் மேற்குப் புறநகரில் வாழும் நமக்குப் புதியவை அல்ல. அம்பத்தூரில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டால், "டன்லப்பில் இறங்கி நேராக வாங்க" என்பார்கள். டன்லப் டயர் தொழிற்சாலை இயங்குவது நின்றுபோன பின்பும் பேருந்து நிறுத்தத்தின் பெயர் டன்லப்தான். பாடிப் பக்கம் 'லூகாஸ்', 'பிரிட்டானியா', ஆவடியில் 'செக்போஸ்ட்', பூந்தமல்லிச் சாலையில் 'குமணன்சாவடி' என்று இந்தப் பகுதி முழுவதும் மக்கள் அடையாளங்களைக் கொண்டே வழி சொல்கிறார்கள். கேட்பவர் அந்த அடையாளங்களைத் தேடிக்கொண்டே வர வேண்டும். இரண்டு முறை வந்துவிட்டால் மூன்றாம் முறை யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கைப்பேசியின் வரைபடம் காட்டும் நீலக் கோடு வேறு வகை. அதைப் பின்பற்றிப் பத்து முறை சென்ற இடத்துக்குப் பதினோராவது முறை கைப்பேசி இல்லாமல் போகச் சொன்னால் பலர் தயங்குவார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 ஓட்டுநர்களிடம் ஆய்வு செய்து 2020இல் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியே இருக்கிறது. ஜிபிஎஸ் கருவியை நீண்ட காலமாக அதிகம் பயன்படுத்தி வந்தவர்கள், அந்தத் துணை இல்லாமல் வழி கண்டுபிடிக்க வேண்டியபோது இடங்களை நினைவில் கொள்வதில் பின்தங்கியிருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீலக் கோடும் "டன்லப்பில் இறங்கி" என்பதும் இரண்டுமே உதவிகள்தான். நீலக் கோடு நம்மை இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அடையாளம் சொல்லும் வழியோ இடத்தில் சேர்ப்பதோடு வழியையும் நம் வசம் விட்டுச் செல்கிறது. வகுப்பறையில் நாம் தரும் ஒவ்வொரு உதவியும் இந்த இரண்டில் எந்த வகை என்று கேட்டுப் பார்க்கலாம்.

சொல்லாமல் சொல்லும் கலை

அம்புக்குறி போடாமலேயே வழி காட்ட முடியும் என்பதற்குக் கேம் உலகில் நல்ல சான்றுகள் உண்டு.

1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் தொடக்கம் புகழ்பெற்றது. அங்கே எந்த விளக்கவுரையும் இல்லை. மாரியோ திரையின் இடப்பக்கத்தில் வலப்புறம் பார்த்தபடி நிற்கிறார். வலப்பக்கம் வெற்றிடம். அதனால் எல்லோரும் வலப்புறமே நகர்கிறார்கள். சிறிது தூரத்தில் முறைத்த முகத்தோடு ஓர் உருவம் எதிரே வருகிறது. மோதினால் ஓர் உயிர் போகும். ஆனால் அது ஆட்டத்தின் முதல் சில நொடிகள்தான். மீண்டும் தொடங்குவதில் நட்டம் ஏதுமில்லை. இரண்டாம் முறை தாவிப் பார்க்கிறார்கள். நகர்வது, தாவுவது, எதிரியைத் தவிர்ப்பது ஆகிய மூன்றையும் ஒரு சொல்கூட இல்லாமல் அந்த இடம் கற்பித்துவிடுகிறது.

2007இல் வந்த 'போர்ட்டல்' என்ற புதிர் விளையாட்டு அறை அறையாக அமைந்தது. தொடக்க அறைகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு புதிய கருத்தை அறிமுகப்படுத்தும். பின்னால் வரும் அறைகளில் முன்பு கற்ற இரண்டு மூன்று கருத்துகளைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

2008இல் வந்த 'டெட் ஸ்பேஸ்' விளையாட்டில் வழி தெரியாதபோது ஒரு பொத்தானை அழுத்தினால் தரையில் ஒளிக்கோடு தோன்றி வழி காட்டும். சற்று நேரத்தில் மறைந்துவிடும். கேட்டால் மட்டுமே உதவி வருகிறது, வந்த உதவியும் அங்கேயே நிலைத்து நிற்பதில்லை.

2017இல் வந்த 'செல்டா' வரிசை விளையாட்டில் ஆட்டக்காரர் உயரமான இடத்தில் ஏறி நின்று, கண்ணில் பட்ட இடங்களுக்குத் தானே குறி வைத்துக்கொள்ளலாம். புள்ளிக்கோலம் போடுபவர் தன் புள்ளிகளைத் தானே வைத்துக்கொள்வது போன்றது இது. குறி இருக்கிறது, ஆனால் அதை வைத்தவர் கற்பவர்.

நம் குழந்தைகளின் மண் விளையாட்டான கிச்சுக்கிச்சுத் தாம்பாளமும் இந்த வரிசையில் சேரும். நீளமாகக் குவித்த மணலுக்குள் ஒருவர் குச்சியை ஒளித்து வைக்கிறார். மற்றவர் அவருடைய கைகள் போய் வரும் விதத்தையும் மணலின் மேற்பரப்பையும் கவனித்து இடத்தை ஊகிக்கிறார். அங்கே குறி என்று எதுவும் இல்லை. கவனிப்பவருக்கு மணலே குறிப்புத் தருகிறது.

ஒரு தமிழ்த் தாயின் சமையல் குறிப்பேடு

வழிகாட்டுதலைப் பற்றிப் பேசும்போது நாம் பெருமையோடு சொல்லக்கூடிய ஒரு விளையாட்டு உண்டு. அதன் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று இதை வெளியிட்டது. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவருடைய கணவர் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகியோரின் கதை இது. 2024ஆம் ஆண்டின் பாஃப்டா கேம்ஸ் விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதையும் பெற்றது.

இதில் ஆட்டக்காரரின் வேலை சமைப்பது. வழிகாட்டி, வெண்பாவின் அம்மா தந்த பழைய சமையல் குறிப்பேடு. அந்தக் குறிப்பேடு சேதமடைந்திருக்கிறது. சில வரிகள் அழிந்துவிட்டன. சில இடங்கள் கிழிந்துவிட்டன. இருப்பதைப் படித்து, இல்லாததை ஊகித்து நிரப்ப வேண்டும். முதலில் வருவது இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதை ஆட்டக்காரரே யோசிக்க வேண்டியிருக்கிறது. தட்டில் ஏன் துளைகள் இருக்கின்றன? ஆவி எப்படி மேலே போகும்? ஒரு தட்டின் குழிகளுக்கு நேர் மேலே அடுத்த தட்டின் குழிகள் வந்தால் என்ன ஆகும்? இப்படி யோசித்தால் மாற்றி அடுக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். தவறாகச் செய்தாலும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. மீண்டும் செய்து பார்க்கலாம்.

இதை வடிவமைத்தவர்கள் செய்திருப்பதை ஆசிரியர் கண்ணோடு பார்ப்போம். குறிப்பேடு முழுமையாக இருந்திருந்தால் ஆட்டக்காரர் வரிசைப்படி செய்துவிட்டு மறந்துபோவார். குறிப்பேடே இல்லாதிருந்தால், இட்லியை ஒருமுறைகூடப் பார்த்திராத வெளிநாட்டு ஆட்டக்காரர் தொடக்கத்திலேயே கைவிட்டிருப்பார். அவர்கள் எந்த வரியை விட்டுவைப்பது, எந்த வரியை அழிப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அழித்ததும் எங்கோ ஒரு வரியை அல்ல. காரணத்தை யோசித்தால் கண்டுபிடித்துவிடக்கூடிய வரியை. உப்பின் அளவை அழித்திருந்தால் அது வெறும் ஊகமாகப் போயிருக்கும். தட்டு அடுக்கும் முறையில் இடைவெளி விட்டதால் அது சிந்தனையாகிறது.

நாம் பயிற்சித்தாளில் கோடிட்ட இடம் விடும்போதும் இதே கேள்வி எழுகிறது. மாணவர் நினைவிலிருந்து எடுத்து எழுதும் சொல்லை நீக்குகிறோமா, யோசித்தால் கிடைக்கும் படியை நீக்குகிறோமா?

வகுப்பறையில் நாம் நட்ட குறிகள்

நம் வகுப்பறைகளில் இலக்குக் குறிகள் நிறையவே இருக்கின்றன. பாடநூலில் விடை இருக்கும் வரியைப் பென்சிலால் அடைப்புக் குறியிட்டு, "இதுதான் மூன்றாவது கேள்விக்கு விடை" என்று காட்டுவது ஒன்று. தேர்வுக்கு முன் தரும் முக்கிய வினாப் பட்டியல் மற்றொன்று. முதல் வகுப்பில் புள்ளிகளால் ஆன எழுத்தின் மேல் எழுதச் சொல்வதும் குறிதான். தொடக்கத்தில் அது தேவை. ஆனால் எழுத்து எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிகிறது என்று பார்க்காமல், புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு இழுத்தே பக்கம் முழுவதையும் நிரப்பிவிடும் குழந்தைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

இவற்றில் அதிகம் பரவியிருப்பது கணக்குப் பாடத்தின் 'குறிச்சொல்' முறை. 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி என்று சொல்லித் தருகிறோம். பல கணக்குகளில் இது வேலை செய்யும். இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள்:

ஆவடியிலிருந்து வந்த பேருந்திலிருந்து அம்பத்தூர் ஓ.டி.யில் 12 பேர் இறங்கினர். யாரும் ஏறவில்லை. மீதி 27 பேர் பயணத்தைத் தொடர்ந்தனர். ஓ.டி.க்கு வந்து சேர்ந்தபோது பேருந்தில் எத்தனை பேர் இருந்தனர்?

குறிச்சொல்லைப் பின்பற்றும் மாணவர் 'மீதி' என்பதைப் பார்த்ததும் 27இலிருந்து 12ஐக் கழித்து 15 என்று எழுதுவார். சரியான விடை 39. இறங்கிய பின்பே 27 பேர் இருக்கும் பேருந்தில் இறங்குவதற்கு முன் 15 பேர்தான் இருந்தார்களா என்ற கேள்வி அவருக்குத் தோன்றவில்லை. அவர் பேருந்தைப் பார்க்கவே இல்லை; குறியை மட்டும் பார்த்தார். ஆற்றையும் பாலத்தையும் பார்க்காமல் அம்புக்குறியைப் பின்தொடர்ந்த ஆட்டக்காரரின் நிலையும் இதுதான்.

இதன் விளைவு உடனே தெரிவதில்லை. குறிப்பேடு முழுமையாக இருக்கும். வகுப்புத் தேர்வில் மதிப்பெண் வரும். மேல் வகுப்புக்குப் போகப் போக, வினா சற்று மாறி வந்தாலே தொடங்கத் தெரியாமல் மாணவர் நின்றுவிடுகிறார். "படிச்சேன் சார், ஆனா இந்தக் கேள்வி புக்ல இல்ல" என்று அவர் சொல்வது சாக்கு அல்ல. அவருக்குப் பழக்கப்பட்ட குறி அந்த வினாவில் இல்லை என்பதே அதன் பொருள்.

அப்படியானால் குறியே வேண்டாமா?

அவசரமாக அந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது. குறியில்லாத 'மாரோவிண்ட்' ஆட்டத்தைப் பாதியில் விட்டவர்களை நினைவில் கொள்வோம். அண்மைக் கால விளையாட்டுகளில் ஏறக்கூடிய பாறை, உடைக்கக்கூடிய பெட்டி ஆகியவற்றின் மேல் மஞ்சள் வண்ணம் பூசிக் காட்டுகிறார்கள். 2023இல் மீண்டும் உருவாக்கி வெளியிடப்பட்ட 'ரெசிடென்ட் ஈவில் 4' விளையாட்டிலும் இது உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர்கள் சிலர் இதைக் கேலி செய்தார்கள். ஆனால் முதன்முறை விளையாடுபவர்களுக்கும் பார்வைத் திறன் குறைந்தவர்களுக்கும் அந்த மஞ்சள் வண்ணம் இல்லாவிட்டால் ஆட்டமே நகராது. அனைவரையும் உள்ளே அழைத்து வருவதும் வழிகாட்டுதலின் கடமைதான்.

நம் பகுதியில் இது இன்னும் உண்மை. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றி வளர்ந்த தொழிலகங்களும் கட்டுமானப் பணிகளும் பல மாநிலத் தொழிலாளர் குடும்பங்களை இங்கே கொண்டுவந்திருக்கின்றன. வீட்டில் இந்தியோ ஒடியாவோ வங்காளமோ பேசும் குழந்தை தமிழ்வழி வகுப்பில் அமர்ந்திருக்கும்போது, "நீயே யோசி" என்று விட்டுவிடுவது கற்பித்தல் ஆகாது. அந்தக் குழந்தைக்குப் படமும் செய்கையும் பக்கத்து மாணவரின் துணையும் நேரடியான சுட்டிக்காட்டலும் வேண்டும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கும் அப்படித்தான். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவருக்குப் பள்ளிதான் ஒரே வழிகாட்டி.

ஆகவே எவ்வளவு காட்டுவது என்பதோடு எப்போது எடுப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். 1976இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை இணைத்துப் பிரமிடு செய்வதையும், கற்பிப்பவர் அவர்களுக்கு எப்படி உதவுகிறார் என்பதையும் ஆராய்ந்தார்கள். அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சாரம்'. கட்டடம் கட்டும்போது சுற்றிலும் சவுக்குக் கழிகளால் கட்டுகிறோமே, அதே சாரம்தான். சாரம் இல்லாமல் மேல்தளம் எழும்பாது. பூச்சு முடிந்த பின்பும் சாரத்தைப் பிரிக்காவிட்டால் அந்த வீட்டில் குடியேற முடியாது.

ஜான் ஸ்வெல்லரும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 2003இல் மற்றொன்றையும் விளக்கினார்கள். தொடக்கநிலையில் இருப்பவருக்குப் பெரிதும் உதவும் விரிவான விளக்கம், ஓரளவு தேர்ந்தவருக்கு உதவாமல் போகிறது. சில நேரங்களில் தடையாகவும் ஆகிறது. ஒரே உதவி ஒருவருக்கு ஏணி, இன்னொருவருக்குச் சுமை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும்போது நாம் இந்த உண்மையைத்தான் கையாள்கிறோம். மொட்டு நிலைக்கு வந்துவிட்ட குழந்தையிடம் அரும்பு நிலையின் குறிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் அடுத்த படி.

வகுப்பறையில் செய்து பார்க்க நான்கு வழிகள்

1. ஐந்து நிமிட மௌனம். கேம் நிறுவனங்கள் வெளியீட்டுக்கு முன் புதியவர்களை விளையாட வைத்துப் பார்க்கும். வடிவமைப்பாளர் பின்னால் நின்று பார்க்கலாம். வாய் திறக்கக் கூடாது. ஆட்டக்காரர் எங்கே நின்றார், எதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று குறித்துக்கொள்வார். நாமும் வாரம் ஒருமுறை ஒரு மாணவரின் அருகில் அமர்ந்து, அவர் ஒரு கணக்கையோ பத்தியையோ கையாள்வதை ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கலாம். கணக்கைப் படிக்காமலேயே எண்களை மட்டும் பொறுக்குகிறாரா? ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் நிற்கிறாரா? எந்த இடத்தில் குறி தேவை, எந்த இடத்தில் தேவையில்லை என்பதை இந்த ஐந்து நிமிடம் காட்டிவிடும்.

2. படிப்படியாக அழியும் எடுத்துக்காட்டு. ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களின் கூட்டலை எடுத்துக்கொள்வோம். முதல் கணக்கை முழுமையாகச் செய்து காட்டுங்கள்: 2/3 + 1/4 = 8/12 + 3/12 = 11/12. இரண்டாவதில் கடைசிப் படியை மட்டும் விட்டுவிடுங்கள்: 1/2 + 2/5 = 5/10 + 4/10 = ____. மூன்றாவதில் பொதுப் பகுதியை மட்டும் தந்து மற்றதை விடுங்கள்: 1/6 + 3/8, பொதுப் பகுதி 24. நான்காவதில் வினா மட்டும்: 2/5 + 1/3. ஐந்தாவதில் கூட்டல் குறியும் இல்லை: ஒரு தொட்டியின் 3/8 பங்குத் தண்ணீர் காலையிலும் 1/4 பங்கு மாலையிலும் செலவானது எனில், மொத்தத்தில் எத்தனை பங்கு செலவானது? இந்த ஐந்தும் ஒரே பக்கத்தில் அடங்கும். எந்தப் படியில் மாணவர் நிற்கிறாரோ, அதற்கு முந்தைய படியில் இன்னும் இரண்டு கணக்குகள் தரலாம்.

3. மூன்று குறிப்பு அட்டைகள். கடினமான வினா ஒவ்வொன்றுக்கும் மூன்று அட்டைகளைத் தயாரித்துக் கவிழ்த்து வைக்கலாம். முதல் அட்டை கேள்வி கேட்கும்: "என்ன கேட்டிருக்கிறார்கள்? உன் சொற்களில் சொல்." இரண்டாவது அடையாளம் காட்டும்: "பேருந்தைப் படமாக வரைந்து பார். இறங்கும் முன், இறங்கிய பின் என இரண்டு படம்." மூன்றாவது முதல் படியைச் செய்து காட்டும். தானே முயன்ற பிறகு, தேவையான அட்டையை மாணவரே எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதில் வெட்கமோ மதிப்பெண் குறைவோ இருக்கக் கூடாது. எந்த அட்டை வரை எடுத்தார் என்பதை விடைக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் அட்டை வரை போனவர் அடுத்த மாதம் முதல் அட்டையோடு நிறுத்தினால் அதுவே வளர்ச்சி. வளரறி மதிப்பீட்டுக்கு இது நல்ல பதிவாகவும் அமையும்.

4. வழி எழுதும் செயல்பாடு. 4 முதல் 8 வரையிலான வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். அருகிலுள்ள ரயில் நிலையம் அல்லது பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு வரும் வழியை, இடம் வலம் என்ற சொற்களைக் குறைவாகவும் அடையாளங்களை அதிகமாகவும் பயன்படுத்தி எட்டு வரிகளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளட்டும். மற்றவர் எழுதியதை மட்டும் படித்து வரைபடம் வரைய வேண்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. வரைபடம் தவறாக வரும் இடத்தில், எழுதியவர் எந்த அடையாளத்தை விட்டார் என்று இருவரும் சேர்ந்து பார்க்கட்டும். ஏரிக்கரை, கோயில், ரயில்வே கேட், தண்ணீர்த் தொட்டி என்று மாணவர்கள் தங்கள் ஊரையே புதிதாகப் பார்ப்பார்கள். பிறருக்கு வழிகாட்டிப் பார்த்தவருக்கு நல்ல குறிப்பு எது, வெறும் அம்புக்குறி எது என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

இந்த நான்கையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு வழி என்று தொடங்கினால் போதும். 40 பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்பு அட்டை என்பது நடைமுறையில் கடினம். மேசைக்கு ஒரு தொகுப்பு வைத்தால் பணி எளிதாகும். குறியை எடுக்கும்போது முதலில் சத்தம் கூடும். பாடம் மெதுவாக நகரும். சில மாணவர்கள், "முன்ன மாதிரி சொல்லிடுங்க மிஸ்" என்பார்கள். அது இயல்பு. அந்த நேரத்தில் முழு விடையையும் சொல்லாமல், ஒரு சிறிய குறிப்போடு நிறுத்திக்கொள்ள நமக்குத்தான் பயிற்சி தேவைப்படும்.

தவறுக்குக் கொடுக்கும் விலையையும் குறைக்க வேண்டும். மாரியோவில் முதல் எதிரியிடம் தோற்றவர் சில நொடிகளில் மீண்டும் தொடங்கிவிடுவதால்தான் துணிந்து முயல்கிறார். வகுப்பில் தவறான முயற்சிக்குச் சிவப்பு மையும் கேலிச் சிரிப்பும் கிடைத்தால், எந்த மாணவரும் குறியில்லாத இடத்தில் கால் வைக்க மாட்டார். பென்சிலில் எழுதும் முயற்சித்தாள், சிலேட்டு, கரும்பலகையின் ஒரு மூலை என்று தவறு செய்து பார்க்க ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டால் தயக்கம் குறையும்.

ஒரு பருவம் இப்படிச் செய்து பார்த்த பின், நம் முயற்சி பயன் தந்ததா என்று அறிய மதிப்பெண் பட்டியலோடு வேறொன்றையும் கவனிக்கலாம். வகுப்பில் நம்மை நோக்கி வரும் கேள்விகளின் தன்மை மாறுகிறதா? "கூட்டலா, கழித்தலா?" என்று கேட்டவர், "மிஸ், இறங்குனதுக்கு அப்புறம்தான் 27 பேர், அப்போ முன்னாடி அதைவிட அதிகமா இருக்கணும் இல்ல?" என்று கேட்கத் தொடங்கினால், அவர் பேருந்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்தக் குறியை இனி எடுத்துவிடலாம்.